சிறிய அறையில் ஒரு கிட்டார் இரவு: மதுரை ரசிகருக்கான முழுமையான வழிகாட்டி

திருவிழாப் பந்தலின் பெட்டி ஸ்பீக்கர்களுக்கும் தமுக்கம் மைதானத்துப் பெருங்கூட்டத்துக்கும் பழகிய மதுரைக்காரர் ஒருவர், நூறு பேர் நின்றாலே நிறைந்துவிடும் ஓர் அறையில் ராக் கிட்டார் கலைஞர் ஒருவரைக் கேட்கப் போனால், அங்கே ஒலி நடந்துகொள்ளும் விதமே வேறாக இருப்பதைக் காண்பார். மைதானத்தில் எங்கே நின்றாலும் காதுக்கு வருவது பெரிய ஸ்பீக்கர்களில் கலந்து அனுப்பப்படும் ஒலிதான். சிறிய அறையிலோ குரல் ஸ்பீக்கரிலிருந்தும், கிட்டார் கலைஞரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தும், டிரம்ஸ் அதன் தோலிலிருந்தும் தனித்தனியாகப் புறப்பட்டு வருகின்றன. ஆகையால் நீங்கள் நிற்கும் இடம் இரண்டடி மாறினாலும் கேட்கும் இசை மாறிவிடும். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, அறிவிப்பைப் பார்ப்பது முதல் மறுநாள் காலை வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: அறிவிப்பைச் சரியாகப் படித்தல்

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தச் செலவில் பதிவு செய்து, ஊர் ஊராகப் போய் வாசிக்கும் கலைஞர்கள் தென்னிந்தியாவில் இன்று பலர் இருக்கிறார்கள். கேரளத்தின் அவியல், தைக்குடம் பிரிட்ஜ் ஆகிய குழுக்களும், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவும் இந்த வகையில் பெயர் பெற்றவை. அத்தனை பெயர் இல்லாத, ஒரு கிட்டாரும் ஒரு பெட்டியும் மட்டுமாக இரவுப் பேருந்தில் வந்து இறங்கும் கலைஞர்களே சிறிய அறைகளுக்கு உரியவர்கள். மதுரையில் அவர்களுக்குக் கிடைக்கும் மேடை பெரும்பாலும் ஒரு காபிக் கடையின் மாடி, ஓர் ஓட்டலின் சிறிய கூடம், அல்லது ஒரு கல்லூரியின் கலையரங்கம். சுவரொட்டியில் இந்த நிகழ்ச்சிகளைத் தேட வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் அறிவிப்பு வரும். கலைஞரின் பக்கத்தையும், நிகழ்ச்சி நடத்தும் இடத்தின் பக்கத்தையும் தொடர்ந்து பார்ப்பவருக்கு எதுவும் தப்பாது.

அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, கலைஞர் தனியாக வாசிக்கிறாரா, குழுவோடு வருகிறாரா என்பது. தனியாக வருகிறவர் மரக் கிட்டாரைக் கொண்டு பாடலாம். அல்லது லூப்பர் என்ற, காலால் மிதித்து இயக்கும் பெடலின் துணையோடு, தான் வாசித்ததையே அடுக்கடுக்காகத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் வாசிக்கலாம். குழு என்றால் டிரம்ஸ் இருக்கும். டிரம்ஸ் இருந்தால் அறை நிச்சயமாகச் சத்தமாக இருக்கும். இந்த ஒரு தகவல், காதுக்கு என்ன கொண்டு போக வேண்டும் என்பதையும் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடும்.

அடுத்தது, இடம் மூடிய கூடமா, திறந்த மாடியா என்பது. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், 2000 என்ற மத்திய அரசின் விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. கலையரங்கம், சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே மொட்டை மாடி நிகழ்ச்சி எவ்வளவு தாமதமாகத் தொடங்கினாலும் 10 மணிக்கு முடிந்தே தீர வேண்டும். நம் ஊர் வழக்கப்படி ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம் என்று நினைப்பவர் அங்கே பாதிப் பாட்டைத்தான் கேட்பார். அறிவிப்பில் இரண்டு நேரங்கள் இருந்தால், முதலாவது கதவு திறக்கும் நேரம், இரண்டாவது வாசிப்புத் தொடங்கும் நேரம். நீங்கள் முதலாவது நேரத்துக்கே போக வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மதுக்கூடத்தோடு சேர்ந்த ஓட்டல் கூடமாக இருந்தால், தமிழ்நாட்டில் மது அருந்துவதற்கான வயது வரம்பு 21 என்பதால், வாசலில் வயதுச் சான்று கேட்கக்கூடும். கல்லூரி முதலாண்டில் இருக்கும் தம்பியையோ தங்கையையோ அழைத்துச் செல்வதாக இருந்தால், உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: பாட்டுகளை முன்கூட்டிக் கேட்டு வைத்தல்

சினிமாப் பாட்டு தெருவிலும் பேருந்திலும் தானாகவே காதில் விழுந்து பழகிவிடுகிறது. தனிக் கலைஞரின் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. நாம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய பாட்டுகளில் நான்கைந்தை எடுத்துக்கொண்டு, முதல் முறை வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். இரண்டாம் முறை நல்ல ஹெட்போனில், கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஒரே பாட்டில் இடது காதில் ஒரு கிட்டாரும் வலது காதில் இன்னொன்றும் ஒலிப்பது அப்போது தெரியும். மேடையில் அவரிடம் இருக்கப்போவது ஒரே கிட்டார். அந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வார், எதை விடுவார், விட்டதை எப்படி ஈடுகட்டுவார் என்ற கேள்வியோடு உள்ளே போகிறவருக்கு அன்றைய இரவு இரட்டிப்பாகப் பயன் தரும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். கிட்டாரின் கழுத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஃப்ரெட் கம்பிகள் பதிக்கப்பட்டிருப்பதால், ஸ்வரங்கள் படிக்கட்டாக நிற்கும் என்று தோன்றும். ஆனால் ராக் கிட்டாரின் உயிர் அந்தப் படிகளுக்கு இடையில்தான் இருக்கிறது. விரலால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறுகிறது. இழுத்த இடத்திலேயே அசைத்தால் ஸ்வரம் நடுங்குகிறது. விரலைத் தூக்காமல் நகர்த்தினால் ஜாரு பிறக்கிறது. இந்த வழியை முழுமையான கர்நாடக இசைக்கே திருப்பிய ஆர். பிரசன்னாவின் கிட்டாரையும், மின் மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் செய்து காட்டியதையும் கேட்டவருக்கு, ராக் கலைஞர் தந்தியை இழுக்கும்போது காது தானாகவே விழித்துக்கொள்ளும். கொச்சியைச் சேர்ந்த பைஜு தர்மஜன் ராக் மேடையிலேயே இந்த இரண்டையும் இணைத்து வாசிப்பவர். தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி கேட்கும் பெரியவர் ஒருவரை நீங்கள் இத்தகைய நிகழ்ச்சிக்குத் துணிந்து அழைத்துப் போகலாம். இரைச்சலைப் பற்றி அவர் குறை சொல்லலாம். கையைப் பற்றிச் சொல்லமாட்டார்.

மூன்றாம் படி: சீட்டு, துணை, வண்டி

சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் இருந்துவிட்டால், ஐந்து சீட்டுகள்தான் விற்றிருக்கின்றன என்று கணக்குப் பார்த்து, நடத்துகிறவர்கள் நிகழ்ச்சியையே கைவிட்டுவிடக்கூடும். சிறிய நிகழ்ச்சிகள் இப்படித்தான் மடிகின்றன.

நான்கு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். பெரிய கூட்டமாகப் போனால் பேச்சுத்தான் நடக்கும். வண்டியில் போகிறவர்களில் ஓட்டப்போகிறவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அவர் அன்று மதுவைத் தொடக் கூடாது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், முதல் முறை பிடிபடுகிறவருக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பும் வழியை முதலில் பார்க்க வேண்டும். மேலூர், திருச்சி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணியும், திண்டுக்கல், தேனி, கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு ஆரப்பாளையமும் உரிய நிலையங்கள். தொலைதூரப் பேருந்துகள் இரவெல்லாம் கிடைக்கும். நகரப் பேருந்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சென்னைக்குத் திரும்புகிறவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சீட்டு எடுத்துவைத்தால், அது இரவு 9 மணியைத் தாண்டியதுமே புறப்பட்டுவிடும் என்பதால், கடைசிப் பாட்டுகளை இழக்க நேரும். சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக வண்டி போகும் என்று நம்பித் திட்டம் போடுவது வீண் வேலை. தங்கும் விடுதியில் அறையும் கிடைக்காது.

மூடிய காலணி அணிந்து போங்கள். இருட்டில் நின்றுகொண்டு கேட்கும் கூட்டத்தில் செருப்புக் கால் மிதிபடும். மாலையில் இட்லியோ தோசையோ அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. முழுச் சாப்பாட்டை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காதைப் பாதுகாத்தல்

இதைப் பலரும் கேலியாகப் பார்க்கிறார்கள். ஆனால் மேடையில் நிற்கும் கலைஞரின் காதைச் சற்று உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஏதாவது ஒன்று செருகப்பட்டிருக்கும்.

தொழிலாளர் நலனுக்கான அமெரிக்க ஆய்வு அமைப்பான நியாஷ் வகுத்த கணக்கு எளிமையானது: 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம் என்று குறைந்துகொண்டே போய், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் மிஞ்சும். இசை அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரவரையறையும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. டிரம்ஸோடு ராக் குழு வாசிக்கும் சிறிய அறையில் அந்த அளவைத் தொடுவது அரிதன்று. நிகழ்ச்சியோ ஒன்றரை மணி நேரம் நடக்கும்.

இதற்குத் தீர்வு இயர் பிளக். பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது கிட்டத்தட்டப் பயனற்றது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக் நன்றாகவே தடுக்கும்; ஆனால் அது உயர்ந்த ஒலிகளை அதிகமாக அடைத்துவிடுவதால், சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பது போல இசை மங்கிக் கேட்கும். இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்பட்ட சிலிக்கான் வகை, எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். இணையத்தில் கிடைக்கிறது, ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் வரும். கணக்கைப் பாருங்கள்: 100 டெசிபல் அறையில் 15 டெசிபல் குறைந்தால், உங்கள் காதுக்கு வருவது 85, பதினைந்து நிமிடமாக இருந்த எல்லை எட்டு மணி நேரமாக விரிந்துவிடுகிறது.

நுரை வகையைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. விரல்களுக்கு இடையில் மெல்லிய குச்சியாகும் வரை உருட்டி, மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். கைநீள தூரத்தில் நிற்கும் நண்பரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச்சு எட்டுகிறது என்றால், போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் டிரம்ஸ் உள்ள சிறிய அறை நிகழ்ச்சியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கதவு திறந்ததுமே போகச் சொன்னது இதற்காகத்தான். அறை காலியாக இருக்கும்போது நான்கு சுவர்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஆம்ப் எங்கே இருக்கிறது, குரலுக்கான ஸ்பீக்கர்கள் எந்த உயரத்தில் நிற்கின்றன, ஒலிக் கலவையைக் கவனிக்கும் சவுண்ட் இன்ஜினியரின் மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூர்மையான ஒலிகளை டார்ச் விளக்கின் கதிர் போல நேர்க்கோட்டில் வீசுகிறது. அந்தக் கோட்டில் நிற்பவருக்குக் கிட்டார் காதைக் கிழிக்கும். கோட்டை விட்டு விலகி நிற்பவருக்கு அதே கிட்டார் மிருதுவாகக் கேட்கும். ஆம்ப் பெரும்பாலும் தரையில் இருப்பதால் ஒலிக்கதிர் வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டிப் போகிறது. அவருக்கே அதன் கூர்மை முழுதாகத் தெரிவதில்லை. முன்வரிசையில் பாயில் உட்காரவைக்கும் காபிக் கடை நிகழ்ச்சிகளில், அந்தக் கதிர் நேராகச் சேருவது உட்கார்ந்திருப்பவரின் காதில்தான். பார்வைக்கு மிக நல்ல அந்த இடம், கேட்பதற்கு மிக மோசமான இடமாக அமைந்துவிடுகிறது. ஆம்ப் சற்றுச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தாலோ நாற்காலிமேல் ஏற்றப்பட்டிருந்தாலோ நிலைமை வேறு. அப்போது கலைஞரும் தன் ஒலியை நன்றாகக் கேட்கிறார், தேவைக்கு மேல் கூட்டுவதும் இல்லை.

முன்வரிசையில் இன்னொரு குறையும் உண்டு. குரலுக்கான ஸ்பீக்கர்கள் மேடையின் இரு ஓரங்களிலும் கூட்டத்தை நோக்கி இருப்பதால், மேடையை ஒட்டி நிற்பவர் அவற்றின் வீச்சுக்கு வெளியே போய்விடுகிறார். அவருக்குக் கிட்டாரும் டிரம்ஸும் நிறையக் கிடைக்கும்; பாட்டின் சொற்கள் கிடைக்கமாட்டா.

பின்சுவரை ஒட்டி நிற்பதும் சரியில்லை. கிட்டாரின் ஆறாம் தந்தி, வழக்கமான சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் நான்கு மீட்டருக்கும் சற்று அதிகம். இத்தனை நீளமான அலைகள் சிறிய அறைக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து வீங்குகின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுவரோரமும் மூலைகளும் அவை வீங்கும் இடங்கள். அங்கே நின்றால் எல்லாமே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும்.

ஆகவே, அறையின் நீளத்தில் மேடையிலிருந்து பாதிக்கும் முக்காலுக்கும் இடையில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில், ஆம்ப்பின் நேர்க்கோட்டைச் சற்றே விலகி நில்லுங்கள். சவுண்ட் இன்ஜினியரின் மேசைக்கு அருகில் இடம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அவர் தன் காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைத்தான் அறை முழுவதற்கும் அனுப்புகிறார். அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். முதல் பாட்டு முடிவதற்குள் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்து பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அங்கே நிலைகொள்ளுங்கள். கூட்டம் சேரச் சேர ஒலி இன்னும் மாறும். உடல்களும் உடைகளும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்வதால், காலி அறையில் கூசிய சத்தம் நிறைந்த அறையில் பதமாகிவிடுவதுண்டு.

ஆறாம் படி: மேடையைப் படித்தல்

வாசிப்புத் தொடங்கும் முன் கிடைக்கும் அரை மணி நேரத்தைப் போனில் கழித்துவிடாமல் கருவிகளைப் பாருங்கள். இவ்வளவு அருகில் அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு பெரிய நிகழ்ச்சிகளில் கிடைக்காது.

கிட்டாரின் உடலில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பட்டைகள்தாம் பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளான அது, எஃகுத் தந்தியின் அசைவை மின் அலையாக மாற்றுகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் அதன் சாயலில் வந்த எண்ணற்ற கிட்டார்களிலும் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று இருக்கும். ஒலி தெளிவாகவும் மணிபோலவும் வரும். ஆனால் ஒற்றைச் சுருள், அறையில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வாசிக்காத நேரத்தில் ஆம்ப்பிலிருந்து வரும் ‘ம்ம்ம்’ என்ற ஒலி அதுதான். கலைஞர் கிட்டாரோடு மெல்லத் திரும்பி, ஒரு கோணத்தில் அப்படியே நின்றுவிடுவதை நீங்கள் பார்க்கலாம்; அந்தக் கோணத்தில் ரீங்காரம் குறைகிறது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும், சரியாக எர்த் செய்யாத மின் இணைப்பும் இந்த ரீங்காரத்தைப் பெருக்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கர் பிக்கப்பில், இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டு இந்த ரீங்காரத்தை அடித்துவிடுகின்றன. ஒலியும் தடிப்பாக வருகிறது. கையில் இருக்கும் கிட்டாரில் எந்த வகை என்று பார்த்துவைத்தால், வரப்போகும் ஒலியை ஓரளவு ஊகித்துவிடலாம்.

காலடியில் வரிசையாக இருக்கும் சிறு பெட்டிகள் பெடல்கள். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும். ஒன்று எதிரொலி சேர்க்கும். ஒன்று மண்டபத்தின் முழக்கத்தைத் தரும். ஒன்று சுருதியைக் காட்டும். சுருதி காட்டும் பெடலை மிதித்ததும் ஒலி அடங்கி, சிறு விளக்குகள் மட்டும் எரியும். மதுரை வெயிலில் கிடந்த கிட்டாரைக் குளிர்ந்த ஏசி அறைக்குள் கொண்டுவந்தால், தந்தி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். பிறகு மேடை விளக்கின் சூட்டிலும் கையின் சூட்டிலும் அது இறங்கும். அதனால்தான் அவர் இரண்டு பாட்டுகளுக்கு ஒருமுறை சுருதி பார்க்கிறார். தம்புராவுக்கும் மிருதங்கத்துக்கும் காத்திருக்கத் தெரிந்த நாம் இதற்கும் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் கத்த வேண்டிய தேவை இல்லை.

ஆம்ப் வால்வு வகையா என்பதையும் பின்பக்கம் தெரிந்தால் பாருங்கள். உள்ளே கண்ணாடிக் குழல்கள் செம்மஞ்சளாக ஒளிரும். இதைக் குறைந்த ஒலியில் வாசித்தால் தெளிவாகவும், கூட்டினால் தானாகவே கரகரப்பாகவும் ஒலிக்கும். கலைஞர் அடிக்கடி கிட்டாரில் உள்ள குமிழை லேசாகத் திருப்புவது இந்த எல்லைக்கோட்டில் நடப்பதற்காகத்தான். ஆம்ப்பின் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்: 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபல்தான். சிறிய அறைக்கு 15 வாட் வால்வு ஆம்ப் தாராளமாகப் போதும்.

ஏழாம் படி: வாசிக்கும்போது

முதலில் ஏறும் உள்ளூர்க் குழுவைத் தவறவிடாதீர்கள். அவர்கள் வாசிப்பதும் பல நேரங்களில் அதே ஆம்ப்பில்தான். அதே பெட்டியிலிருந்து அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறொரு கை வேறொரு ஒலியை எடுப்பதைக் கேட்பது, கிட்டாரைப் பற்றி எத்தனை விளக்கம் படித்தாலும் கிடைக்காத பாடம்.

பிறகு முக்கியக் கலைஞர் வந்ததும், முதல் இரண்டு பாட்டுகளுக்கு இடது கையை மறந்துவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள். தந்திகளின் வேரில் உள்ளங்கையின் ஓரத்தை லேசாக அழுத்தி மீட்டினால் ஒலி ‘டுக் டுக்’ என்று கட்டுக்குள் நிற்கும். கையை எடுத்ததும் அதே சுரக்கூட்டு அறை முழுவதும் திறந்துகொள்ளும். பாடல் வரிகளின்போது அடக்கமும் பல்லவியின்போது திறப்புமாக ஒரு பாட்டின் அமைப்பே அந்த உள்ளங்கையில் இருக்கிறது.

லூப்பர் வைத்திருக்கும் கலைஞர் என்றால் காலைப் பாருங்கள். அவர் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு ஒரு வரியை வாசிக்கிறார். வரி முடியும் அதே கணத்தில் மறுபடி மிதிக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் அந்த வரி ஒவ்வொரு சுற்றிலும் நொண்டிக்கொண்டே திரும்பி வரும். தாளத்தில் ஊறிய நம்மவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். நல்ல கலைஞர் அதை அழித்துவிட்டுச் சிரித்தபடி மறுபடி தொடங்குவார். அதைவிட நல்லவர் அந்த நொண்டலையே தாளமாக எடுத்துக்கொண்டு அதன்மேல் கட்டுவார்.

தனி வாசிப்பின் உச்சத்தில் அவர் திடீரென்று கூட்டத்துக்கு முதுகு காட்டி, ஆம்ப்பை நோக்கிக் கிட்டாரைச் சாய்த்து நிற்கலாம். ஆம்ப்பின் ஒலி தந்தியை அசைக்க, அசைந்த தந்தியை ஆம்ப் மறுபடி ஒலிக்க, மீட்டாமலேயே ஒரு ஸ்வரம் நீண்டுகொண்டு போகிறது. மைக் கூவுவதும் இதே ஃபீட்பேக்தான். மைக்கில் அது குற்றம், இங்கே கைவேலை. அவர் அரையடி முன்னே வைத்தாலோ கிட்டாரின் கோணத்தை மாற்றினாலோ அந்த ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவுவதைக் கேட்கலாம். சிறிய அறையில் ஆம்ப்புக்கும் உங்களுக்கும் இடையில் வேறு எதுவும் இல்லாததால், இதை உடம்பிலேயே உணர்வீர்கள்.

சில நடத்தை விதிகளைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தக் கூடாது. தன் பாட்டைப் பாடுவதற்காகவே இத்தனை தூரம் வந்த ஒருவரிடம் அப்படிக் கேட்பது, அவர் பாட்டு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமம். விசில் அடிக்கலாம், மதுரையில் அதைத் தடுக்க யாராலும் முடியாது, ஆனால் மெதுவான பாட்டின் நடுவில் வேண்டாம். போனில் ஒரு பாட்டின் சிறு பகுதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஃபிளாஷ் போடாமல், மார்பு உயரத்துக்கு மேல் தூக்காமல். பேச வேண்டும் என்றால் வெளியே போய்விடுங்கள். நூறு பேர் அறையில் இரண்டு பேர் பேசினால் மேடைக்கே கேட்கும். கூட்ட நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்களிடம் யாராவது தவறாக நடந்தால், பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் நடத்துகிறவரிடம் உடனே சொல்லுங்கள்; சிறிய அறையில் விளக்கைப் போட்டு நிகழ்ச்சியை நிறுத்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

எட்டாம் படி: வாசிப்பு முடிந்ததும்

கலைஞர் தன் கேபிள்களைத் தானே சுற்றிக்கொண்டிருப்பார். அவர் முடிக்கும் வரை பொறுங்கள். செல்ஃபிக்காக மேடையில் ஏறிப் பெடல்களை மிதித்துவிடாதீர்கள். அவருடைய கருவிகளில் கணிசமான பணம் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. பிறகு போய், குறிப்பாக ஒரு பாட்டைச் சொல்லி அதில் உங்களுக்குப் பிடித்த இடத்தைச் சொல்லுங்கள். கருவியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கிட்டார்க்காரர்கள் தங்கள் பெடல்களைப் பற்றிப் பேச ஒருபோதும் சலிப்பதில்லை.

சட்டையோ குறுந்தகடோ விற்பனைக்கு இருந்தால் வாங்குங்கள். பாட்டை இணையத்தில் விலைகொடுத்து வாங்குவதானால் பேண்ட்கேம்ப் போன்ற தளம் நல்லது. அது பாட்டு விற்பனையில் 15 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது, கட்டணச் செலவு போக மீதி கலைஞருக்குப் போகிறது. ஒலி குறித்து உங்களுக்குக் குறை இருந்தால், கலைஞரிடம் சொல்லாமல் நடத்துகிறவரிடம் சொல்லுங்கள். ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றுவது போன்ற சிறு மாற்றம் அடுத்த நிகழ்ச்சியையே மாற்றிவிடும்.

பசிக்கு நம் ஊரில் கவலை இல்லை. சிம்மக்கல் பக்கம் கறிதோசை, ஆவின் சிக்னல் பக்கம் பன் பரோட்டா, பெரியார் நிலையத்தைச் சுற்றி இட்லிக் கடைகள் என்று எங்கே திரும்பினாலும் அடுப்பு எரியும். ஜிகர்தண்டா வேண்டும் என்றால் விளக்குத்தூணுக்குப் போகும் முன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்று கேட்டதைப் பற்றிய வாதத்தைப் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கொத்துப் பரோட்டா போடும் சத்தமும் ஏற்கெனவே களைத்த காதுக்குச் சுமைதான். சற்றுத் தள்ளி உட்காருங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே பாட்டுகளை மறுபடி கேட்கும் ஆசையை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள்.

மறுநாள் காலையில் காதில் ரீங்காரமோ அடைப்போ இருக்கிறதா என்று அமைதியான அறையில் கவனியுங்கள். ஓர் இரவு ஓய்வில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு நாள் கடந்தும் அடங்கவில்லை என்றாலோ, ஒரு காது மட்டும் மந்தமாகத் தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அடங்கிவிட்டது என்றால், அடுத்த நிகழ்ச்சிக்குச் சீட்டு எடுக்கும்போதே இன்னும் கூடுதலாகத் தடுக்கும் இயர் பிளக் ஒன்றையும் வாங்கிவிடுங்கள், ஆம்ப்பிலிருந்து இன்னும் நாலடி தள்ளி நில்லுங்கள்.